நாயகன், கேல்கர் மகன், அப்புறம் எங்க அப்பத்தா சொன்ன பாம்பு

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2023 நவம்பர்ல 'நாயகன்' படத்தைப் புதுசாத் துடைச்சு மறுபடி தியேட்டர்ல போட்டாங்கல்ல, அப்பப் போய்ப் பார்த்தேன். பின்வரிசை முழுக்க நாயகன் வந்தப்ப பொறந்தே இருக்காத பசங்க. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாடியே அவங்க சொல்லிடறாங்க. கடைசியில கோர்ட்ல இருந்து வேலு நாயக்கர் விடுதலையாகி வெளிய வர்றாரு, இன்ஸ்பெக்டர் கேல்கரோட மகன் சுடறான். பின்னாடி ஒரு பையன் கேல்கர் மகனை அம்மாவோட சேர்த்துத் திட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 1988ல எங்க ஊர்ப் பக்கம் டூரிங் கொட்டகையில, மணலைக் குமிச்சு வச்சு அதுமேல உட்கார்ந்து பார்த்தப்பவும் அதே இடத்துல அதே திட்டுத்தான் விழுந்துச்சு. 35 வருசத்துல திட்டு மாறவே இல்ல.

ஊர் எதுன்னா, பண்ணைப்புரம். உத்தமபாளையத்துல இருந்து போடிக்குப் போற வழியில கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவுல இருக்கு. மேற்க மலை, கிழக்க காடு கரை. பேரைச் சொன்னதும் "இளையராஜா ஊரா?"ன்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு நான் என்னமோ பக்கத்துல உட்கார்ந்து ஆர்மோனியத்துக்குக் காத்தடிச்ச மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பேன். எல்லாப் பண்ணைப்புரத்தானும் செய்யறதுதான் :-)

விஷயத்துக்கு வர்றேன். பழிவாங்கல், ரெண்டு கோஷ்டி, கத்தி, துப்பாக்கின்னு தமிழ்ல வந்த படங்கள்ல பெரிசு பெரிசானதா எடுத்துப் பாருங்க, பாதிக்கு எங்க ஊர்க்காரர்தான் இசை. அந்தப் படங்களுக்குள்ள அவர் என்ன வச்சார்னு எனக்கு ரொம்ப வருசமா ஒரு எண்ணம் ஓடிக்கிட்டு இருக்கு. அதைச் சொல்ல மொதல்ல பம்பாய்க்குப் போகணும்.

பம்பாய் மாகாணத்துல 1949ல மதுவிலக்குச் சட்டம் வந்துச்சு. குடிக்கிறவன் குடிக்கிறதை நிறுத்தல, விக்கிறவன் மட்டும் மாறினான். தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் சந்துபொந்துல சாராயம் காய்ச்சினாங்க. அந்தத் தொழில்ல மேல வந்த ஒருத்தர்தான் தூத்துக்குடியில இருந்து போன வரதராஜ முதலியார். விக்டோரியா டெர்மினஸ்ல போர்ட்டரா மூட்டை தூக்கினவர். ஹாஜி மஸ்தான், கரீம் லாலா, வரதாபாய்னு மூணு பேரையும் ஒரே மூச்சுல சொல்ற காலம் ஒண்ணு இருந்துச்சு. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் அவர் வைக்கிற பிள்ளையார் பந்தல் ஊர் முழுக்கப் பிரசித்தம். தென்னாட்டு ஏழை சனங்களுக்குப் பஞ்சாயத்துப் பண்ற பெரிய மனுசன், போலீஸ் கணக்குல சாராய வியாபாரி, கடத்தல்காரன். ரெண்டும் நிஜந்தான். 1980கள்ல ஒய்.சி.பவார்ங்கிற போலீஸ் அதிகாரி அந்தக் கடையை ஒவ்வொண்ணா மூட வச்சார். முதலியார் மெட்ராசுக்கு வந்துட்டார்.

அந்தப் பம்பாயை 70கள்ல ஒரு தமிழ்ப் பையன் பார்த்துக்கிட்டு இருந்தார். பஜாஜ் இன்ஸ்டிட்யூட்ல எம்.பி.ஏ. படிக்கப் போன மணிரத்னம். 1987 தீபாவளிக்கு 'நாயகன்' வந்துச்சு. தயாரிப்பு முக்தா சீனிவாசன், வசனம் பாலகுமாரன். தாராவியில பாதியை மெட்ராஸ் வீனஸ் ஸ்டுடியோவுல தோட்டா தரணி செட் போட்டே காட்டிட்டார். அவருக்கும், கேமரா புடிச்ச பி.சி.ஸ்ரீராமுக்கும், கமலுக்கும் தேசிய விருது. ஆஸ்கருக்கு இந்தியா சார்பா அனுப்பினாங்க. அடுத்த வருசமே ஃபெரோஸ் கான் 'தயாவான்'னு இந்தியில எடுத்தார். படம் வந்து ரெண்டு மாசம் கழிச்சு, 1988 ஜனவரியில, நிஜ முதலியார் மெட்ராஸ்ல படுக்கையில செத்தார். அவரை யாரும் சுடல. ஆனா நம்ம சனங்க நினைப்புல அவர் கோர்ட் வாசல்ல சுடப்பட்டுத்தான் செத்தார். சினிமா அவ்வளவு பலமானது.

கோர்ட் வாசல்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்தச் சமயத்துல பம்பாய்ல நிஜமாவே ஒரு பழிக்கணக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1981ல தாவூத் இப்ராஹிமோட அண்ணன் சாபிரைப் பட்டான் கோஷ்டி ஒரு பெட்ரோல் பங்க்ல வச்சு சுட்டுக் கொன்னுச்சு. 1983ல அதுக்குப் பதிலா அமீர்ஜாதாவைக் கோர்ட்டுக்குள்ளயே சுட்டாங்க. அதுக்கு ஏற்பாடு பண்ணின படா ராஜன், அதே வருசம் இன்னொரு கோர்ட் வாசல்ல விழுந்தார். அவர் எடத்துக்கு வந்தவர் சோட்டா ராஜன், மிச்சக் கணக்கை அவர் எடுத்துக்கிட்டார். ஒருத்தன் செத்தா அவன் எடத்துல இன்னொருத்தன் நிப்பான். கடன் பத்திரம் கைமாறுற மாதிரி.

இப்ப நாயகன் கதையை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. தூத்துக்குடியில ஒரு தொழிற்சங்கத் தலைவர், அவர் மகன் ஒரு சின்னப் பையன். போலீஸ் பையனை விட்டுப் பின்னாடியே போயி அப்பனைச் சுடுது. பையன் அந்தப் போலீஸ்காரனைக் குத்திட்டு பம்பாய்க்கு ரயிலேறிடறான். வளர்ந்து பெரியவனானதும், வளர்த்த ஹுசேன் பாயை லாக்கப்ல சாகடிச்ச கேல்கரை நடுத்தெருவுல அடிச்சே கொல்றான். யாரும் சாட்சி சொல்லல. நாம கை தட்டறோம். அதுக்கப்புறம்தான் கேல்கருக்கு ஒரு பொண்டாட்டியும், மனவளர்ச்சி குறைஞ்ச ஒரு சின்னப் பையனும் இருக்கிறது வேலுவுக்குத் தெரியுது. பணம் குடுக்கிறான், குடும்பத்தைப் பார்த்துக்கிறான். நடுவுல ரெட்டி சகோதரர்கள் வர்றாங்க, நீலா சாகறா, ரெட்டிங்க சாகறாங்க, மகன் சாகறான், மக விட்டுட்டுப் போயிடறா. எதிர்க்கோஷ்டிச் சண்டைன்னு பார்த்தா அந்த ரெட்டி கதை படத்துல கால்வாசிகூட இல்ல. படத்தை முடிச்சு வைக்கிறது எந்த கேங்கும் கிடையாது. கேல்கரோட மகன். அதாவது, மொதல் ரீல்ல அப்பனைச் சுட்டவனைக் குத்தினானே ஒரு பையன், அதே பையன்தான் கடைசி ரீல்ல வேற மூஞ்சியோட வந்து நிக்கிறான். மொதப் பையனுக்குக் கை தட்டினோம், கடைசிப் பையனைத் திட்டினோம். ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதான்.

நடுவுல பேரன் வேற வந்து ஒரு கேள்வி கேக்கறான். அந்தக் கேள்வியை வச்சு மிமிக்ரிக்காரங்க முப்பது வருசமாச் சோறு திங்கிறாங்க. கேட்டது ஒரு சின்னப் பிள்ளைங்கிறதை மட்டும் ஏனோ எல்லாரும் மறந்துட்டோம்.

ராஜா மறக்கல. இது அவருக்கு 400வது படம். கோஷ்டிப் படம்னா ட்ரம்ஸ், ட்ரம்பெட்னு போட்டுத் தாக்கியிருக்கலாம், அவருக்குத் தெரியாத வித்தையா? அவர் படத்துக்கே அடிநாதமா வச்சது அந்தத் தென்பாண்டிப் பாட்டு. புலமைப்பித்தன் எழுதினது, ராஜாவே பாடினது, கமலும் ஒரு தடவை பாடியிருப்பார். அதைப் பாட்டுன்னு சொல்றதைவிட, அழுத பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக் குடுக்கிற மெட்டுன்னு சொல்லலாம். வீரம்னு ஒண்ணு அதுல மருந்துக்கும் கிடையாது. பிள்ளையை யாரு அடிச்சதுன்னு கேக்கிற தொனி, அவ்வளவுதான். படம் நெடுக யாராவது போய்ச் சேரும்போது இந்த மெட்டு எங்கிட்டிருந்தோ எட்டிப் பார்க்கும்.

'காட்ஃபாதர்'ல நீனோ ரோட்டா வச்சதும் அடிதடி இசை இல்ல, சோகமான ஒரு வால்ட்ஸ். அதுல ஒரு வேடிக்கை. அந்தப் பட இசையில கொஞ்சத்தை 1958ல வந்த 'ஃபார்ச்சுனெல்லா'ங்கிற படத்துலயே அவர் போட்டுட்டார்னு தெரிஞ்சதும் ஆஸ்கர் நாமினேஷனைத் திரும்ப வாங்கிட்டாங்க. அங்க ஒரு குடும்பம் பாழாப் போறதோட சோகம் கேட்கும். நம்மாளு இன்னும் கீழ இறங்கி, தொட்டில் வரைக்கும் போயிட்டார்னு எனக்குத் தோணும்.

இந்தத் தொட்டில் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்துச்சு? எங்க ஊர்ல பாவலர் வரதராஜன்னு ஒருத்தர் இருந்தார். ராஜாவுக்கு அண்ணன். (நாயகன் வரதராஜன், அண்ணன் வரதராஜன். சும்மா பேர்ப் பொருத்தம்தான், இதுல நுண்ணரசியல் தேடாதீங்க.) கம்யூனிஸ்ட் கட்சி மேடையில ஊர் ஊராப் பாடினவர். 1958ல மலைக்கு அங்கிட்டு தேவிகுளம் இடைத்தேர்தல்ல எஸ்டேட் சனங்க மத்தியில அவர் பாடினதை எங்க பெரியவங்க கதை கதையாச் சொல்லுவாங்க. தம்பி ராசையா பதினாலு வயசுவாக்குல அந்தக் குழுவோட சேர்ந்தவர்தான், மெட்ராசுக்குப் போற வரைக்கும் சுத்தினார். கூலிச்சண்டை, நெலச்சண்டை, கொடி, லத்தி எல்லாத்தையும் பக்கத்துல பார்த்த பையன். அந்த மேடையில எடுபட்டதெல்லாம் சனங்க ஏற்கெனவே வீட்டுல பாடிக்கிட்டு இருந்த மெட்டுதான். நடவு, கும்மி, ஒப்பாரி, தாலாட்டு. சங்கத் தலைவரோட மகனா ஒரு பையன் திரையில ஓடறப்போ, அதுக்கு எந்த மெட்டுன்னு இவர் யோசிச்சிருக்கவே தேவையில்லன்னு நான் நினைக்கிறேன்.

நாலு வருசம் கழிச்சு 1991ல 'தளபதி'. தேவா ஒரு பக்கம், கலிவர்தன் ஒரு பக்கம். எடுத்த எடுப்புல ஒரு சின்னப் பொண்ணு பெத்த குழந்தையை கூட்ஸ் வண்டியில விட்டுட்டு நிக்கிறா. அங்கயும் தாலாட்டு, ஜானகி குரல்ல. அந்தப் பாட்டோட ஆரம்பத்துலயே சின்னத்தாய்ங்கிற வார்த்தை வரும். ராஜாவோட அம்மா பேரு சின்னத்தாயம்மாள். வாலி தெரிஞ்சேதான் போட்டிருப்பார்னு ஊர்ல எல்லாரும் அடிச்சுச் சொல்லுவாங்க, நானும் அந்தக் கட்சி. அப்புறம் சூர்யா ரமணாவைக் கொல்றான். ரமணாவுக்குப் பொண்டாட்டி, கைக்குழந்தை. பார்த்தீங்களா, மறுபடி கேல்கர் வீடு! இந்தத் தடவை மணிரத்னம் கணக்கை வேற மாதிரித் தீர்க்கப் பார்த்தார். கொன்னவன் கையிலயே அந்தப் பிள்ளையைக் குடுத்துட்டார். ரஜினி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறப்போ அவர் மூஞ்சியைக் கவனிச்சிருக்கீங்களா? ஸ்டைல் எல்லாம் எங்கயோ போயிருக்கும். 2025 ஜூன்ல வந்த 'தக் லைஃப்'லயும் அதே முடிச்சுதான், துப்பாக்கிச் சண்டையில அப்பனைப் பறிகொடுத்த பையனை தாதா எடுத்து வளர்க்கிறார். அது ரஹ்மான் படம், தவிர எனக்குப் பெருசா ஒட்டல, விடுங்க.

ஒரேயடியா ராஜாவுக்குக் காவடி எடுக்கறேன்னு சொல்லிடாதீங்க. 1992ல 'தேவர் மகன்'. அருவாளைக் கீழ போட்டுட்டுப் படிக்கப் போங்கடான்னு கதறிக்கிட்டு முடியற படம். ஆனா சனங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது அந்தக் கதறலை இல்ல. அதுல ஒரு பாட்டு சாதி ஊர்வலங்களுக்குத் தேசிய கீதமாயிருச்சு. எங்க பள்ளத்தாக்குல எத்தனை வேன்ல, எத்தனை ஒலிபெருக்கியில அது அலறி, எந்தத் தெருவுக்குள்ள நுழையறப்போ சத்தத்தைக் கூட்டி வச்சாங்கன்னு எனக்குத் தெரியும். 2023ல 'மாமன்னன்' விழாவுல கமலை முன்னாடி உட்கார வச்சுக்கிட்டே மாரி செல்வராஜ் அந்தப் படம் தனக்குள்ள ஏற்படுத்தின வலியைப் பேசினார். அவர் பேசினதுல எனக்கு ஒரு வார்த்தைகூட மறுக்கத் தோணல. தேவர் மகன்ல எசக்கியா வந்த வடிவேலுதான் இதுல மாமன்னன். மெட்டுப் போட்டவர் கையை விட்டுப் போனதுக்கப்புறம் அது யார் வாய்ல விழுது, யார் காதுல குத்துதுங்கிறது வேற கணக்கு.

அடுத்து பாலா. அவரும் தேனி மாவட்டத்துக்காரர்தான். 2003ல 'பிதாமகன்'. சுடுகாட்டுல ஒருத்தி பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டுச் செத்துப் போறா, அந்தப் பிள்ளைதான் சித்தன். கஞ்சாத் தோட்டக்காரன் சக்தியைக் கொன்னதும், சித்தன் போயி அவனைக் கொல்றான். விக்ரமுக்குத் தேசிய விருது. மலையடிவாரத்துக் கஞ்சா எங்க பக்கம் வெறும் கதை இல்ல, பேப்பர்ல மாசம் ஒருக்கா வர்ற செய்தி. அதனால அந்தப் படத்தை எங்க ஊர்ல யாரும் வாயைப் பொளந்து பார்க்கல.

2008ல சசிகுமாரோட 'சுப்ரமணியபுரம்'. 1980 மதுரை. இசை ஜேம்ஸ் வசந்தன். ஆனா அழகரும் துளசியும் கண்ணாலயே பேசிக்கிறப்போ ஓடுறது எங்காளு பாட்டு, 1980ல வந்த 'கல்லுக்குள் ஈரம்' படத்துல இருந்து. அந்தப் பொண்ணை வச்சேதான் பின்னாடி அழகரை வரவழைச்சு வெட்டறாங்க. எவ்வளவு பிஞ்சான மெட்டு அது! அதைக் கேட்டு இளிச்சுக்கிட்டு இருந்த பையன்தான் அருவாளுக்கு முன்னாடி நிக்கிறான். 28 வருசம் ஜெயில்ல இருந்துட்டு வந்தவனைக்கூட அந்தக் கணக்கு விடறதில்ல, ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் தேடிக்கிட்டு வருது.

இது மதுரையோட நிக்கல. அனுராக் காஷ்யப் 2012ல 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' எடுத்தார். தன்பாத் நிலக்கரி, மூணு தலைமுறைப் பழி. அப்பன் செத்ததுக்குப் பழி தீர்க்கற வரைக்கும் முடி வளர்க்க மாட்டேன்னு மொட்டைத் தலையோட திரியற சர்தார் கான், அவன் செத்ததும் அவன் மகன். படம் போடறதுக்கு முன்னாடியே மதுரை மும்மூர்த்திகள் பாலா, அமீர், சசிகுமாருக்கு நன்றி போட்டிருப்பார். சுப்ரமணியபுரம் பார்த்துத்தான் எனக்கும் எங்க ஊர்க் கதையை எடுக்கத் தெம்பு வந்துச்சுங்கிற மாதிரிப் பேசியும் இருக்கார். தேனிக்கும் தன்பாத்துக்கும் நடுவுல எத்தனை பாஷை இருக்கு! அத்தனையையும் தாண்டி அப்பனைப் பறிகொடுத்த பையன் ஒருத்தன் நடந்தே போயிருக்கான்.

சரி. ஆரம்பத்துல டூரிங் கொட்டகைன்னு சொன்னேன்ல, அதை முடிச்சுடறேன்.

எனக்கு ரெண்டு வயசா இருந்தப்ப எங்க சித்தப்பா செத்துப் போச்சு. பாம்பு கடிச்சுன்னு அப்பத்தா சொல்லும். கிணத்து மேட்டுல, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனப்ப, கண்ணாடிவிரியன்னு எல்லாம் விவரமாச் சொல்லும். நான் ராத்திரியில அந்தப் பக்கம் போக மாட்டேன். போனாலும் தரையைப் பார்த்துக் கால் வைப்பேன்.

1988ல நாயகன் எங்க பக்கம் வந்துச்சு. பெட்டி எங்கெங்கயோ சுத்திட்டு வந்ததால பிரிண்ட் முழுக்கக் கோடு. நானும், பள்ளிக்கூடத்துல என் பெஞ்சுல உட்கார்ற ஒருத்தனும் ரெண்டாம் ஆட்டம் போனோம். பேரு வேண்டாம். வேலு குத்தறப்போ அவன் என்னைவிடச் சத்தமா விசில் அடிச்சான். கடைசியில கேல்கர் மகன் சுட்டதும் கொட்டகையே கொதிச்சுப் போயித் திட்டுது, நானும் திட்டறேன், இவன் மட்டும் கம்முனு இருக்கான். படம் விட்டு நடந்து வர்றோம். நெலா வெளிச்சம். நான் தரையைப் பார்த்துக்கிட்டே வர்றேன்.

"என்னடா கீழயே பாத்துட்டு வர்ற?"

"பாம்பு கெடக்கும்டா. எங்க சித்தப்பா பாம்பு கடிச்சுத்தான செத்துச்சு."

அவன் கொஞ்ச தூரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பாம்பு இல்லடா. எங்க அப்பா"ன்னான்.

கிணத்துப் பங்குத் தகராறாம். அவங்க அப்பா ஜெயிலுக்குப் போயிட்டு வந்ததை வேற ஏதோ கேசுன்னு நினைச்சிருந்தேன். அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் நாலு வருசமா ஒரே பெஞ்சுல என் பக்கத்துல உட்கார்ந்து, என் டிபன் பாக்ஸ்ல இருந்து திங்கிறான். "நீ என்னைய ஒண்ணும் செய்ய மாட்டீல்ல?"ன்னு கேட்டான். எனக்கு அழுகை வந்துருச்சு. அவனுக்கும்தான். பதிமூணு வயசு ரெண்டு பேருக்கும்.

வீட்டுக்கு வந்தப்ப அப்பத்தா திண்ணையில முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. "அப்பத்தா, சித்தப்பாவப் பாம்பா கடிச்சுச்சு?"ன்னேன். அப்பத்தா என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பார்த்துச்சு.

"ஆருடா சொன்னா?"

"ஆரும் சொல்லல. சும்மாதான் கேட்டேன்."

"பாம்புதான்டா. கண்ணாடிவிரியன். போயிப் படு."

பின்னாடி பெரியப்பா சொல்லித்தான் மிச்சம் தெரிஞ்சுச்சு. சித்தப்பாவை எடுத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் கிளம்பத் தயாரா நின்னப்ப, இருந்த மூணு அருவாளையும் அப்பத்தா கொண்டு போய் அந்தக் கிணத்துலயே போட்டுருச்சாம். பங்குக்கு அடிச்சுக்கிட்ட அதே கிணத்துல. பங்காளிங்க ரொம்ப நாள் அப்பத்தாகூடப் பேசவே இல்லையாம். பெத்த பிள்ளைக்குப் பழி வாங்க விடாதவன்னு ஊர்ல ஒரு பேரும் சேர்ந்துருச்சாம்.

என் பெஞ்சுக்காரன் இப்ப திருப்பூர்ல இருக்கான். பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். 2023ல படம் பார்த்துட்டு வந்து அவனுக்குப் போன் பண்ணினேன். "கேல்கர் மகனை இன்னமும் திட்டறாங்கடா"ன்னேன். "இப்பவுமா?"ன்னு சிரிச்சான். அவன் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கானாம், பத்திரிகை அனுப்பறேன்னு முகவரி கேட்டான்.

அப்பத்தா 1999ல போயிருச்சு. கடைசி மாசம் வரைக்கும் பேரன் பேத்திங்க யாரு கேட்டாலும் பாம்புன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.